பாசறை: அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் மாநில மாநாடு

ஐக்கிய அமெரிக்காவில் போரிலிருந்து திரும்பியவர்கள் அமைத்துக்கொண்ட சங்கங்கள் மாநில அளவில் ஆண்டுதோறும் கூட்டும் பேரவை. உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்தது. மறு ஆண்டு தோன்றிய 'கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக்' என்ற வடபுலப் படையினர் சங்கம் இந்தக் கூட்டத்தைப் பாசறை என்றே அழைத்தது. ஊர்க்கிளைக்கு 'போஸ்ட்' என்றும் மாநிலப் பிரிவுக்கு 'டிபார்ட்மென்ட்' என்றும் பெயர். இந்தச் சங்கங்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் தேசிய மாநாட்டைத்தான் எழுதுகிறார்கள். வீதி கொள்ளாத ஊர்வலமும் பெரிய மனிதர்களின் பேச்சும் அங்கேதான் என்பதால் அது இயல்பே. ஆனால் காலை இழந்த ஒருவரின் தனிப்பட்ட முறையீடு நாடாளுமன்றம் காதுகொடுக்கும் கோரிக்கையாக மாறியதில் மாநிலம் என்ற நடுத்தட்டுக்கு இருந்த பங்கை அந்த ஊர்வலங்கள் மறைத்துவிடுகின்றன. சங்கம் பிழைத்ததும் வளர்ந்ததும் மாநிலப் பாசறையின் பலத்தில்தான். அதன் குற்றங்களிலும் சில அங்கேதான் முளைத்தன.

பிறந்த வரிசையே இதற்கு முதல் சான்று. படை மருத்துவராக இருந்த பெஞ்சமின் ஸ்டீபன்சன் 1866 ஏப்ரல் 6 அன்று இல்லினாய் மாநிலத்தின் டெகேட்டரில் முதல் கிளையைத் தொடங்கினார். ஜூலையில் ஸ்பிரிங்ஃபீல்டில் இல்லினாய் மாநில மாநாடு கூடியது. இண்டியானாபொலிஸில் முதல் தேசிய மாநாடு கூடியது அதற்குப் பிறகு, நவம்பரில்தான். மேலிருந்து திணித்தது எடுபடவில்லை என்பதற்கும் சீக்கிரமே ஓர் உதாரணம் கிடைத்தது. 1869-ல் தலைமை, உறுப்பினர்களை மூன்று படிநிலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிச் சடங்கு வகுத்தது. போரில் மேலதிகாரியைக் கண்டு சலித்தவர்களுக்கு ஊர் திரும்பிய பிறகும் இன்னொரு ஏணியா? ஆட்கள் கொத்துக்கொத்தாக விலகினார்கள். பல மாநிலப் பிரிவுகள் பெயரளவில்கூட எஞ்சவில்லை. இரண்டே ஆண்டில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது என்றாலும், 1876-ல் உறுப்பினர் எண்ணிக்கை 27,000 அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. 1880களில் மாநிலப் பிரிவுகள் ஒவ்வொன்றாக மீண்டும் எழுந்தன. 1890-ல் உறுப்பினர்கள் 4,09,489 பேர்.

அந்தப் பாசறைகளில் என்னதான் நடந்தது? பெயருக்கேற்ற கூடாரம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. நகர மண்டபமோ நாடக அரங்கமோ போதும். ரயில் கம்பெனிகள் கட்டணத்தைக் குறைத்தன. கிளைகளின் பிரதிநிதிகள் சட்டையில் வெண்கலப் பதக்கம் குத்தி வந்தார்கள். எதிரியிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி வார்த்த பதக்கம் அது. பகலெல்லாம் அறிக்கைகள்: எத்தனை கிளைகள், எத்தனை பேர் சந்தா பாக்கி, எத்தனை விதவைகளுக்கு எவ்வளவு உதவி, இந்த ஆண்டு இறந்தவர் யார் யார். எல்லாம் அச்சாகிப் புத்தகமாகக் கிளைகளுக்குப் போகும். இரவில் 'முகாம் நெருப்பு' என்ற ஒன்றுகூடல். பல்லை உடைக்கும் படைக்கால ரொட்டி, அவித்த பீன்ஸ், கறுப்புக் காப்பி, பழைய பாட்டு. 1883 முதல் பெண்களின் துணை அமைப்பான 'விமன்ஸ் ரிலீஃப் கோர்' என்பதும் அதே ஊரில், அதே நாட்களில் கூடியது. இதைக் கிழவர்களின் பழங்கதைக் கச்சேரி என்று ஒதுக்குவது எளிது. இரவை மட்டும் பார்த்தால் அது சரிதான். பகலில் படிக்கப்பட்ட அந்த வறட்டு அறிக்கைகளோ, ஒரு மாநிலம் முழுக்க வறுமையில் கிடந்த படைவீரர்களைப் பற்றிக் கையில் கொடுத்த கணக்கு. இந்தக் கணக்குக்கு ஆட்களைக் கூட்டி வந்தது அந்த இரவுக் காப்பி என்பதால் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம், இவை ஓய்வூதியம் பறிக்கும் இயந்திரம், ஒரு கட்சியின் எடுபிடி என்பது. சங்கத்தின் 'ஜி.ஏ.ஆர்.' என்ற மூன்றெழுத்துச் சுருக்கத்தைப் 'பொதுவாக எல்லாரும் ரிபப்ளிகன்களே' என்று விரித்து அன்றே கேலி செய்தார்கள். ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி குரோவர் கிளீவ்லாந்து 1887-ல் ஓய்வூதிய மசோதாவைத் தடுத்தார். தென்புலப் படைகளின் கொடிகளைத் திருப்பித் தர எடுத்த முடிவும் சேர்ந்துகொள்ள, எழுந்த கொதிப்பில் அந்த ஆண்டு செயின்ட் லூயிஸ் தேசிய மாநாட்டுக்குப் போகும் எண்ணத்தையே கைவிட்டார். அடுத்த தேர்தலில் அவரை வென்ற பெஞ்சமின் ஹாரிசன் இச்சங்கத்து உறுப்பினர். 1890-ல் ஹாரிசன் கையெழுத்திட்ட சட்டம், 90 நாள் பணியாற்றி நல்ல பெயரோடு விலகி, இப்போது உடலுழைப்புக்கு இயலாத எவருக்கும் ஓய்வூதியம் தந்தது. இயலாமை போரில் வந்ததாக இருக்க வேண்டியதில்லை. சில ஆண்டுகளில் மத்திய அரசின் வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதற்கே போனது. பொய் விண்ணப்பங்கள் இருந்தன, வாக்குக் கணக்கு இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் மாற்று என்ன? முதியோருக்கான பொதுக் காப்பீடு அமெரிக்காவுக்கு வர 1935 வரை ஆயிற்று. 25 ஆண்டு கழித்து ஒருவரின் மூட்டுவலி எந்தச் சதுப்பு நிலத்தில் தொடங்கியது என்று நிரூபிக்கச் சொல்வது சாட்சிகள் செத்துப்போன வழக்கை நடத்தச் சொல்வதற்குச் சமம். சட்டம் அந்தச் சுமையை எடுத்தது. கட்சி அதில் ஆதாயம் தேடியது உண்மை. கோரிக்கை கட்சியின் கற்பனை அல்ல.

மாநிலத் தட்டின் அதிகாரம் தீமைக்கும் பயன்பட்டது. லூசியானா–மிசிசிப்பிப் பிரிவின் வெள்ளையர்கள் கறுப்பினப் படைவீரர்களின் கிளைகளைச் சேர்த்துக்கொள்ள மறுத்தார்கள். நிறவாரியாகத் தனிப் பிரிவு வேண்டும் என்றார்கள். 1891-ல் டெட்ராய்டில் கூடிய தேசிய மாநாடு அதை நிராகரித்தது. தலைமை இங்கே மாநிலத்தைவிட நேர்மையாக நடந்தது என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். முதல் உலகப் போருக்குப் பின் 1919-ல் பிறந்த 'அமெரிக்கன் லீஜன்' அந்த நேர்மையைக்கூடக் காட்டவில்லை. கறுப்பினத்தவரின் கிளைகளுக்கு அனுமதி தருவதா என்ற முடிவை மாநிலப் பிரிவுகளிடமே தள்ளிவிட்டது. தெற்கில் அதன் விளைவு எப்படியிருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

1861–65 போரில் பணியாற்றியவர் மட்டுமே உறுப்பினர் என்ற விதியால் மூத்த சங்கத்தின் முடிவு அதன் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருந்தது. 1949-ல் இண்டியானாபொலிஸில் நடந்த கடைசி தேசிய மாநாட்டுக்கு ஆறு பேர் வந்தார்கள். கடைசி உறுப்பினர் ஆல்பர்ட் உல்சன் 1956-ல் மறைந்தார். சொற்கள் மட்டும் சாகவில்லை: போஸ்ட், டிபார்ட்மென்ட், கமாண்டர் எல்லாம் லீஜனிலும் 'வெட்டரன்ஸ் ஆஃப் ஃபாரின் வார்ஸ்' சங்கத்திலும் இன்றும் புழங்குகின்றன. தீர்மானம் செல்லும் வழியும் பழையதுதான்: ஊர்க்கிளை, மாவட்டம், மாநிலம், தேசியம். பல கூட்டங்களில் வாசலருகே வெள்ளை விரிப்பிட்ட சிறு மேசை ஒன்று இருக்கும். ஒற்றை ரோஜா, ஒரு துண்டு எலுமிச்சை, கொஞ்சம் உப்பு, கவிழ்த்த கண்ணாடிக் குவளை, காலி நாற்காலி. போரில் காணாமல் போனவருக்கு.

இந்தியாவில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் செய்யும் வேலையில் ஒரு பெரும் பகுதியை அமெரிக்காவில் இந்தச் சங்கங்களே செய்கின்றன. பல கவுண்டிகளில் அரசு அலுவலர் உண்டு. இருந்தாலும் அங்கீகாரம் பெற்ற சங்கச் சேவை அலுவலர், பணிவிலகல் சான்றையும் மருத்துவக் குறிப்பையும் பார்த்து விண்ணப்பத்தை எழுதி, நிராகரித்தால் மேல்முறையீடும் செய்வார். கூடிக் குடிக்கும் மன்றங்கள் இவை, 1946-ல் 33 லட்சம் பேரைக் கொண்டிருந்த லீஜன் இன்று இளைத்துவிட்டது என்று சொல்பவர்கள் இந்தச் சேவை அலுவலரின் மேசையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் குப்பைக் குழிப் புகையைச் சுவாசித்தவர்களுக்கான 2022-ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக இச்சங்கங்கள் பல ஆண்டுகள் வாதாடின. அந்தச் சட்டத்தின்படி விண்ணப்பம் எழுதித் தரும் சங்க அலுவலர் அதற்காக ஒரு காசுகூடக் கட்டணம் வாங்க விதி இடம் தருவதில்லை.