அறுந்த சுட்டிகளும் ஆம்பூர்க் கோப்புகளும்

கல்லூரியில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் தட்டியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். மூன்றாம் அத்தியாயத்தில் "படம் 4-ஐப் பார்க்கவும்" என்று இருக்கும். படம் இருக்கிற கோப்பை வேறு ஃபோல்டருக்கு மாற்றினால் போதும், சுட்டி அறுந்துவிடும். லேடெக் இரண்டு கேள்விக்குறியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும். வலைப்பக்கம் என்றால் 404. போனால் அதிகபட்சம் நாலு மார்க்.

கோப்பு கோப்பைச் சுட்டுவது கணினி கண்டுபிடித்த சங்கதி அல்ல. தாலுகா ஆபீஸ், கோர்ட், கலெக்டர் ஆபீஸ் எல்லாமே இதில்தான் ஓடுகின்றன. அங்கே சுட்டி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாலாற்றங்கரைத் தோல் ஊர்களின் கதை ஒன்று போதும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை... டேனரிகளின் ஊர்கள். பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்புப் போடுவார்கள். ஊறவைக்கும்போது அந்த உப்பு முழுக்கத் தண்ணீரில் இறங்கும். பிறகு சுண்ணாம்பு, குரோமியம் என்று வரிசையாக வரும். கழிவு நீர் கிணற்றிலும் வயலிலும் சேர்ந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையம் நடத்திய ஆய்வின்படி சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுசோ பாழ். 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக வேரூன்றியது இந்தத் தீர்ப்பில்தான். சட்டக் கல்லூரியில் எல்லோரும் படிப்பது இந்தப் பகுதியைத்தான்.

யாரும் அவ்வளவாகக் கவனிக்காத பகுதி வேறு. ஓர் ஆணையம் அமைத்து அது ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும் என்றது கோர்ட். மொத்தம் எவ்வளவு வசூலிக்க வேண்டும், யார் யாரிடமிருந்து, ஒவ்வொருவரிடமும் எவ்வளவு, யார் யாருக்குக் கொடுக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு. இந்தப் பட்டியல் கலெக்டருக்குப் போகும். தேவைப்பட்டால் அவர் நிலவரி பாக்கி மாதிரி வசூலித்துக் கொடுப்பார். டேட்டாபேஸ் பாடம் படித்தவர்கள் உடனே சிரிப்பார்கள். இது பக்காவான இணைப்பு அட்டவணை! ஒரு பக்கம் டேனரி, மறுபக்கம் விவசாயி, நடுவில் கலெக்டர்.

ஆணையம் 2001 மார்ச் 7-ல் வேலூர் மாவட்டத்துக்கான கணக்கைத் தந்தது. ஒரு பக்கம் 547 ஆலைகள், மறுபக்கம் 29,193 பேர், நடுவில் சுமார் 26.82 கோடி ரூபாய். 2009 ஆகஸ்ட் 24-ல் இன்னோர் ஆணையும் வந்தது.

இப்போது சுட்டிகளைச் சோதித்துப் பார்க்கலாம்.

1996 தீர்ப்பு ஐந்து மாவட்டங்களைப் பெயர் சொல்லி அழைக்கிறது. வட ஆற்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, திருச்சி, செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பெயர் வேண்டாம் என்று 1997-ல் அரசு முடிவெடுத்ததோடு இந்தப் பெயர்களின் காலம் முடிந்தது. ஐந்தில் திருச்சி மட்டும் அதே பெயரில் தப்பியது. வட ஆற்காடு அம்பேத்கர் வேலூராயிற்று. அந்த வேலூரும் 2019 நவம்பரில் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ராணிப்பேட்டை தானே மாவட்டமானது. பேரணாம்பட்டு வேலூரிலேயே நின்றுவிட்டது. கோர்ட் சொன்ன ஒரு கலெக்டர் இப்போது மூன்று கலெக்டர்கள். ஒரே ஃபோல்டரில் இருந்த கோப்புகளை மூன்று ஃபோல்டரில் போட்ட கதைதான். நல்லவேளை, பிரிக்கும் அரசாணையே எந்தத் தாலுகா எங்கே போகிறது என்று சொல்லிவிடுகிறது. வலைத்தளம் இடம் மாறும்போது பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பி விடுகிறார்களே, அதே வேலை.

நிலக் கணக்கு இதைவிடக் கெட்டி. 1979-ல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்களும் உட்பிரிவுகளும் ஊர் ஊராகச் சரிபார்க்கப்பட்டன. அப்போது தயாரான 'அ' பதிவேட்டில் புதிய புல எண்ணுக்குப் பக்கத்திலேயே பழைய எண்ணும் இருக்கிறது. எங்கிருந்து வந்தோம் என்பதைக் கோப்பே சொல்லிவிடுகிறது. அப்பா காலத்துப் பத்திரத்தில் உள்ள எண்ணைப் பிடித்து இன்றைய வயலுக்கு வந்துவிடலாம். டெட் நெல்சன் 1960-களிலிருந்து கேட்டுவந்த இருவழிச் சுட்டி கிட்டத்தட்ட இதுதான். 1989-ல் டிம் பெர்னர்ஸ்-லீ முன்வைத்த வலை ஒருவழிச் சுட்டியோடு நிறுத்திக்கொண்டது; அதனால்தான் உலகம் முழுக்கப் பரவ முடிந்தது, 404-ம் கூடவே வந்தது. வி.ஏ.ஓ. கையில் இருந்த நோட்டு அந்த ஒரு விஷயத்தில் வலையைவிட மேல் என்றால் மிகையில்லை.

ஆனால் நிலத்துக்கு எண் இருக்கிறது, மனிதருக்கு? இழப்பீடு கணக்கிடப்பட்டது 1991 முதல் 1998 வரையிலான நஷ்டத்துக்கு. பட்டியலில் பெயர் உள்ளவர் இறந்துவிட்டால் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி வர வேண்டும். நிலம் பாகம் பிரிந்திருந்தால் ஒரு பெயர் நாலு பெயராகும். மறுபக்கம் டேனரி மூடிக்கிடக்கலாம், கை மாறியிருக்கலாம். ஒரு முனை அசைந்தாலே சுட்டி தொங்கும். இங்கே அசையக்கூடியவை இரண்டு முனையும்.

ஆவணம் எழுதும் மென்பொருள்காரர்கள் இந்தச் சிக்கலைப் பல விதமாகச் சமாளித்தார்கள். 1986-ல் தரமாக வந்த எஸ்.ஜி.எம்.எல். ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அடையாளப் பெயர் கொடுக்க வழி செய்தது. இல்லாத பெயரைச் சுட்டினால் பிழை என்று சொல்லிவிடும். 2010-ல் வந்த டிட்டா 1.2 இன்னொரு படி மேலே போனது. அதில் கோப்பை நேராகச் சுட்ட வேண்டியதில்லை. நடுவில் ஒரு சாவிச்சொல்லைச் சுட்டினால் போதும். அது எந்தக் கோப்பு என்பதை ஒரே இடத்தில் எழுதி வைத்திருப்பார்கள். கோப்பு மாறினால் அந்த ஓரிடத்தை மட்டும் திருத்தலாம்.

2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் செய்ததும் ஏறக்குறைய இதே காரியம். 2001, 2009 ஆணைகளின்படி இன்னும் பணம் கிடைக்காதவர்களுக்கு அரசு முதலில் கொடுக்கட்டும், பிறகு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது. விவசாயியின் சுட்டி இனி மூடிய டேனரியின் கதவில் போய் முட்டாது, அரசைச் சுட்டும். ஆலையைத் தேடிப் பிடிப்பது அரசின் பாடு. இந்த ஏற்பாட்டுக்கு வந்துசேர, முதல் ஆணைக்குப் பிறகு ஏறத்தாழ 24 வருஷம் ஆகியிருக்கிறது. 1991-ல் நாற்பது வயதில் கிணறு கெட்டுப்போன விவசாயிக்கு 2025-ல் வயது 74.