திமிஷ்கிலிருந்து மதீனாவுக்கு



சிரியாவின் தலைநகர் திமிஷ்குக்கும் புனித மதீனாவுக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 1,050 கிலோமீற்றர்களாகும். இத்தூரத்தை ஒரு விமானம் சுமார் இரண்டு மணித்தியாலங்களில் கடந்துவிடும். ஆனால் நம் முன்னோர் இதனை எவ்வாறு கடந்தனர் என்பதைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள்.

பல நூற்றாண்டுகளாக ஹாஜிகள் திமிஷ்கில் ஒன்றுகூடி ஒட்டகங்களிலும் கால்நடையாகவும் புறப்பட்டனர். பிற்காலத்தில் இலங்கைக்கும் வந்து சென்ற பயணி இப்னு பதூதா 1326ஆம் ஆண்டு இவ்வழியிலேயே ஹஜ்ஜுக்குச் சென்றார். பயணம் ஏறத்தாழ நாற்பது நாட்கள் நீடித்தது. தாகத்தாலும் நோயாலும் கொள்ளையராலும் வழியிலேயே உயிர் நீத்தோர் பலர்.

இத்துயரைப் போக்கவும் தமது ஆட்சியை வலுப்படுத்தவும் நாடிய உஸ்மானிய ஸுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத், 1900ஆம் ஆண்டு ஹிஜாஸ் புகையிரதப் பாதையை ஆரம்பித்தார். அந்நிய நாடுகளிடம் கடன் பெறப்படவில்லை. எகிப்து, இந்தியா முதலிய நாடுகளின் முஸ்லிம்கள் நன்கொடை அனுப்பினர். அரச ஊழியரின் சம்பளத்தில் ஒரு பகுதி கழிக்கப்பட்டது. குர்பானித் தோல்களை விற்ற பணமும் இதற்குச் சேர்ந்தது. படைவீரர்கள் பாலைவன வெயிலில் தண்டவாளம் பதித்தனர். 1908ஆம் ஆண்டு, ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளமான அப்பாதை மதீனாவை அடைந்தது. நாற்பது நாள் பயணம் சில நாட்களாகச் சுருங்கியது.

எனினும், ஒட்டகங்களை வாடகைக்கு விட்டு வாழ்ந்த பாலைவனக் கோத்திரத்தார் தமது பிழைப்புப் போய்விடும் என அஞ்சி எதிர்த்தனர். பாதை மக்காவைச் சென்றடையவே இல்லை. 1916ஆம் ஆண்டு, முதலாம் உலக மகா யுத்தத்தின் நடுவே அரபுக் கிளர்ச்சி வெடித்தது. பிரித்தானியரின் ஆயுதமும் பணமும் பெற்ற கிளர்ச்சியாளர்கள் பாலங்களையும் தண்டவாளங்களையும் வெடிவைத்துத் தகர்த்தனர். ஒரு புறத்தில் துருக்கிய முஸ்லிம், மறு புறத்தில் அரபு முஸ்லிம்! மதீனாவுக்கான புகையிரதம் அதன் பின்னர் நிலையாக ஓடவில்லை. மதீனாவின் புகையிரத நிலையம் பிற்காலத்தில் நூதனசாலையாக்கப்பட்டது.

சிந்தியுங்கள், இளைஞர்களே! அப்பாதையை அழித்தது பாலைவனமோ வறுமையோ அல்ல. சில்லறைகளைச் சேர்த்து எட்டு ஆண்டுகளில் எழுப்பிய ஒன்றை, ஒருவரையொருவர் நம்பாமை சில ஆண்டுகளில் வீழ்த்திவிட்டது. ஒருவரின் நன்மைக்காகச் செய்யும் பணி மற்றொருவரின் உணவைப் பறிக்குமாயின், அவரையும் அரவணைக்க வழி தேட வேண்டும் என்பதும் இதிலுள்ள படிப்பினையே.

பெற்றோர்களே! இன்று வானில் தூரம் சுருங்கிவிட்டது. ஒரே ஊரில், ஒரே பள்ளிவாசலில் தொழும் இருவருக்கிடையே உள்ள தூரமோ சில வேளைகளில் நாற்பது நாள் பயணத்தைவிட நீண்டிருக்கிறது. அதைக் குறைக்க விமானம் தேவையில்லை. ஒரு ஸலாம் போதும். உங்கள் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைச் சொல்லிக் கொடுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களை ஒன்றிணைப்பானாக! ஆமீன்.