திருமலைக் கடலில் பதிவான ஒரு பாட்டு

நீலத் திமிங்கிலம் என்றதும் எங்களில் கனபேருக்கு மனதில் வருவது அந்தாட்டிக்கா, பனிக்கட்டி, ஆவணப்படத்தில் கேட்கிற ஒரு ஆங்கிலக் குரல். பூமியில் இதுவரை வாழ்ந்த விலங்குகளிலேயே பெரியது. ஆனால் எங்கள் வகுப்பில் அதை நேரில் பார்த்தவர்கள் யார் என்று கேட்டால் ஒரு கை உயர்வதே அதிசயம். அந்த விலங்கு பங்குனி தொடங்கி ஆவணி வரைக்கும் கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலைக்கு முன்னாலுள்ள கடலில் வந்து நிற்கிறது என்று சொன்னால், வெளியூர் நண்பர்கள் இன்றைக்கும் "சும்மா கதை விடாதே" என்கிறார்கள். கதை இல்லை. அதைப் பற்றி விஞ்ஞானம் நம்பியிருந்த ஒரு விசயம் பிழை என்பதற்கான சான்று கிடைத்ததே இந்தக் கடலில்தான், 1983-84இல். பிறகு அதை ஏன் எல்லாரும் மறந்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

முதலில் கடலைப் பாருங்கோ. மாவலி கங்கை வந்து விழுகிற கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. வெளியே போகப்போக அது 3,000 மீற்றருக்கும் மேல் ஆழமாகிறது. மற்ற ஊர்களில் ஆழ்கடலுக்குப் போக மணிக்கணக்காகப் படகு ஓட்ட வேணும். இங்கே துறைமுக வாசலைத் தாண்டினாலே ஆழம்தான். பிரித்தானியக் கடற்படை 1957 வரைக்கும் இந்தத் துறைமுகத்தை விடாமல் வைத்திருந்ததற்கு இந்த ஆழமும் ஒரு காரணம். திமிங்கிலம் வருவதற்கும் அதே ஆழம்தான் காரணம். அது தின்னுகிற சின்னஞ்சிறு இறால் போன்ற உயிர்கள் இப்படிப்பட்ட சரிவுகளை அண்டித்தான் கூட்டமாகச் சேரும். இரண்டு இ.போ.ச. பஸ்ஸை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தின நீளமான உடம்பு, வாழ்வது விரல்நுனியளவு தீனியில்.

வட இந்து சமுத்திரத்து நீலத் திமிங்கிலத்துக்கு 1859இலேயே ஒரு விஞ்ஞானப் பெயர் வைத்தாயிற்று. வைத்தவர் கல்கத்தா அருங்காட்சியகத்தில் வேலை செய்த எட்வர்ட் பிளைத். வங்கக் கரையில் ஒதுங்கின எலும்புகளைப் பார்த்து 'இண்டிகா' என்று பெயரிட்டார். அதற்குப் பிறகு நூறு வருசத்துக்கு மேலாக இந்த விலங்கைப் பற்றிப் புத்தகங்களில் புதிதாக எழுதப்பட்டது மிகக் கொஞ்சம். பெயர் இருந்தது, எலும்பு இருந்தது. உயிரோடு அது எங்கே போகிறது, என்ன தின்கிறது, எங்கே குட்டி போடுகிறது என்று தேடிப் பார்க்க ஆள் இல்லை.

தேடிப் போனவர்கள் வேறு நோக்கத்தோடு போனார்கள். 1963க்கும் 1967க்கும் இடையில் 'ஸ்லாவா', 'சோவியத்ஸ்கயா உக்ரைனா' என்ற இரண்டு சோவியத் வேட்டைக் கப்பற்படைகள் அரபிக் கடலில் 3,339 திமிங்கிலங்களைக் கொன்றன. அதில் 1,294 நீலத் திமிங்கிலங்கள். அனைத்துலகத் திமிங்கில ஆணைக்குழுவுக்கு மொஸ்கோ கொடுத்த கணக்கு வேறு, உண்மைக் கணக்கு வேறு. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு, 1990களில், அந்தக் கப்பல்களோடு தொடர்புபட்டிருந்த உயிரியலாளர்களே ஒளித்து வைத்திருந்த பதிவுகளை வெளியிட்டார்கள். அதன் பிறகுதான் இந்த எண்கள் எங்களுக்குத் தெரியும். நாலைந்து வருச வேட்டை, முப்பது வருசப் பொய். இந்த விலங்கு இன்றைக்கு அரிதாக இருக்கிறது என்று எழுதும்போது இதையும் சேர்த்து எழுத வேணும். அது தானாக அரிதாகவில்லை.

1979இல் சீசெல்ஸ் நாட்டின் முயற்சியால் இந்து சமுத்திரம் திமிங்கிலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயம் என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது பார்க்க வேணுமே. அதற்காக உலக வனவிலங்கு நிதியத்தின் நெதர்லாந்துக் கிளையின் உதவியோடு 'ரியூலிப்' என்ற சிறிய பாய்ப்படகு 1982இல் இந்தப் பக்கம் வந்தது. ஹால் வைட்ஹெட், ஜொனதன் கோர்டன், அபிகெயில் ஆலிங் என்று இளம் ஆய்வாளர்கள். அவர்கள் தேடி வந்தது எண்ணெய்த் திமிங்கிலத்தை, அதாவது அம்பர் தருகிற, பெரிய தலைக்காரனை. அது திருகோணமலைக்கு வெளியே கூட்டங்கூட்டமாக இருந்தது. கூடவே எதிர்பாராத விருந்தாளியாக நீலத் திமிங்கிலங்களும் நின்றன.

அதுவரைக்கும் பாடப்புத்தகக் கதை இதுதான்: நீலத் திமிங்கிலம் துருவக் கடலில் வயிறு நிரப்பும், குட்டி போட வெப்பக் கடலுக்கு வரும், அங்கே பட்டினி கிடக்கும். திருமலையில் அவர்கள் கண்டது பட்டினி இல்லை. தின்று, மலங்கழித்து, குட்டிகளோடு திரிகிற விலங்குகள். மலம் என்றால் சிரிக்காதீங்கோ, இங்கே அதுதான் சாட்சி. தின்னாதது மலங்கழிக்காது. முதுகின் புள்ளிகளையும் தோற்றத்தையும் படமெடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளங்காணவும் தொடங்கினார்கள்.

1984இல் இன்னொன்றும் நடந்தது. ஒலிவாங்கியைக் கடலுக்குள் இறக்கி, அந்தத் திமிங்கிலங்களின் பாட்டைப் பதிவு செய்தார்கள். மிகத் தாழ்ந்த சுருதி, திரும்பத் திரும்ப அதே ஒழுங்கு. நீலத் திமிங்கிலங்கள் ஒவ்வொரு கடற்பகுதியிலும் ஒவ்வொரு மாதிரிப் பாடுகின்றன. அந்தப் பாட்டைத்தான் இப்போது ஆய்வாளர்கள் அவற்றின் ஊர் அடையாளம் போலப் பாவிக்கிறார்கள். திருகோணமலையில் பதிவான பாட்டுக்கு ஆய்வுக் கட்டுரைகளில் 'இலங்கைப் பாட்டு' என்று பெயர். எங்கட ஊர்ப் பெயரையே வைத்திருக்கலாம் என்று எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல்.

பதிவு நடந்த வருசத்தைக் கவனியுங்கோ. அதற்கு முந்தின வருசம்தான் 1983 யூலை. யுத்தம் இறுக இறுக ஆய்வுப் படகுகள் வருவது நின்றது. துறைமுகம் கடற்படையின் கையில், கடல் கட்டுப்பாட்டில். பாஸ் இல்லாமல் இறங்க ஏலாது, இரவில் தொழிலுக்குப் போகத் தடை, இயந்திரத்தின் குதிரைவலுவுக்கும் அளவு. கால் நூற்றாண்டாக அந்தத் திமிங்கிலங்களைப் பார்த்திருக்கக்கூடியவர்கள் இரண்டு பகுதியினர்தான்: கடற்படை, கடற்றொழிலாளர். ஒரு பகுதி கடலைப் பாதுகாப்புக் கண்ணோடு பார்த்தது. மற்றப் பகுதிக்கு மீனோடு உயிரோடு கரைக்குத் திரும்புவதே பெரிய பாடு. உப்புவெளியிலும் மூதூரிலும் இருக்கிற வயதான கடற்றொழிலாளர்களின் ஞாபகத்தில்தான் அந்த வருசங்கள் இருக்கின்றன.

இதற்கிடையில் கதை தெற்குக்குப் போயிற்று. 2003இல் தெற்குக் கடலில் மிதந்த திமிங்கில மலத்தைக் கண்டு ஆஷா டி வோஸ் தன் ஆய்வைத் தொடங்கினார். வருசம் முழுக்க இந்த வெப்பக் கடலிலேயே தங்குகிற 'வழக்கத்துக்கு மாறான திமிங்கிலம்' என்று அவர் பேசியதால்தான் உலகம் இலங்கைக் கடலைத் திரும்பிப் பார்த்தது. அது பெரிய வேலை. அதைக் குறைத்துச் சொல்ல ஏலாது. ஆனால் மிரிஸ்ஸ என்ற பெயரோடு ஒட்டின அளவுக்குத் திருகோணமலை என்ற பெயர் நீலத் திமிங்கிலத்தோடு ஒட்டவில்லை. இருபது வருசம் முன்னதாக அதே கேள்வி இங்கே கேட்கப்பட்டது என்பது எங்களுக்கே தெரியாது.

மறக்க யுத்தம்தான் வேணும் என்றும் இல்லை. 1963 தை மாதம் இரத்மலானைக் கரையில் அலகுபோல் மூக்குள்ள ஒரு திமிங்கிலம் ஒதுங்கியது. கொழும்பு அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த போல் தெரணியகல அதைப் புதிய இனம் என்று கண்டு, கூரான அலகு என்ற பொருளில் சிங்களச் சொற்களைச் சேர்த்து 'ஹோத்தௌலா' என்று பெயர் வைத்தார். இரண்டு வருசத்தில் வெளிநாட்டு ஆய்வாளர்கள் அதை யப்பானில் முன்பே பெயரிட்ட இன்னொரு இனத்தோடு சேர்த்துவிட்டார்கள். 2014இல் மரபணுவை ஒப்பிட்டபோதுதான் தெரணியகல சொன்னது சரி என்று முடிவானது. அந்த முடிவுக்குக் கையில் இருந்தது இந்து, பசுபிக் சமுத்திரங்களில் கிடைத்த ஏழே ஏழு மாதிரிகள். அதில் முதலாவது இரத்மலானையில் ஒதுங்கினது.

திருமலைப் பாட்டின் கதை இன்னும் நீளுகிறது. அணுகுண்டுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தைக் கண்காணிக்க தியேகோ கார்சியா தீவுக்குப் பக்கத்தில் கடலுக்கடியில் ஒலிவாங்கிகள் இருக்கின்றன. அமெரிக்கத் தளத்துக்காக 1968க்கும் 1973க்கும் இடையில் சாகோஸ் மக்கள் துரத்தப்பட்ட தீவு அது. குண்டுச் சத்தத்துக்காக வைத்த கருவியில் திமிங்கிலங்களும் வருசக்கணக்காகப் பதிவாகியிருந்தன. 2021இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளைக் கேட்டபோது, இலங்கைப் பாட்டு உட்பட தெரிந்த எந்தப் பாட்டோடும் பொருந்தாத இன்னொரு பாட்டு அதில் இருந்தது. 'சாகோஸ் பாட்டு' என்று பெயர் வைத்தார்கள். பாடுவது இதுவரை அறியப்படாத ஒரு நீலத் திமிங்கிலக் கூட்டமாக இருக்கலாம் என்றார்கள். அந்தப் பாட்டு இலங்கைக் கரைப்பக்கம் வரைக்கும் கேட்டிருக்கலாம் என்பதும் அவர்கள் கணிப்பு. அறிவிப்பு வந்த நாளில், அதைப் பாடுகிற திமிங்கிலத்தை இன்னதென்று கண்டு சொன்னவர் ஒருவரும் இல்லை.