கருவூலம் யாருடைய குரலைக் கேட்கிறது?



ஏழைகளுக்காக ஓர் அரசு எவ்வளவு செலவிடும் என்பதை எது தீர்மானிக்கிறது? கருவூலத்தின் செழிப்பே என்று பலரும் எண்ணுகின்றனர். செல்வம் தேவைதான், ஆனால் செல்வம் மட்டுமே அதைத் தீர்மானிப்பதில்லை. இதற்கு நம் சென்னை நகரமே சான்று.

1920ஆம் ஆண்டு, பி. தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கிலிருந்த தன் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. பின்னர் மேலும் சில பள்ளிகளுக்கும் அது விரிந்தது. ஆயினும், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடலாகாது என ஆங்கில அரசு தடுத்ததால் 1925இல் அது நின்றது. அன்று சொத்தும் வரியும் உடைய சிலருக்கே வாக்குரிமை. பசித்த பிள்ளையின் ஏழைத் தாய்க்கு வாக்கில்லை. அவளுடைய கண்ணீருக்கு அஞ்ச வேண்டிய தேவை ஆள்வோருக்கும் இல்லை.

நாடு விடுதலை பெற்று, வயது வந்த அனைவரும் வாக்களிக்கும் நிலை வந்தது. 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். "இதற்குப் பணம் எங்கே?" என்ற கேள்வி அப்போதும் எழுந்தது. 1989இல் கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022இல் காலை உணவும் வந்தது. ஆட்சிகள் மாறின, அடுப்பு அணையவில்லை.

அண்டை நாடான இலங்கையிலும் இதுவே நிகழ்ந்தது. அங்கு 1931இலேயே அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்திருந்தது. 1953இல் அரசு மானியத்தைக் குறைத்துப் பங்கீட்டு அரிசியின் விலையை உயர்த்தியபோது, ஆகஸ்ட் 12 அன்று நாடெங்கும் ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலக நேர்ந்தது.

எனினும், பால்குடிக் குழந்தைக்கு வாக்கேது? பால்குடி மறந்த குழந்தைகளுக்கே பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை என்றிருந்த காலத்தில், ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஓரிரவு ஒரு குழந்தையின் அழுகுரலைக் கேட்டார்கள். உதவித்தொகைக்காகத் தாய் அதற்கு முன்கூட்டியே பால்குடி மறக்கச் செய்துகொண்டிருந்தாள் என்பதை அறிந்து மனம் நொந்தார்கள். பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அதனை உரித்தாக்கினார்கள் என்று வரலாறு கூறுகிறது. குரல் எழுப்ப இயலாதவரைத் தேடிச் சென்று கேட்ட செவி அது!

நம் மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை 1962இல் தொடங்கியது. ஆயினும் எங்கள் கொட்டிவாக்கத்தில், வீட்டு வேலை செய்தே மூப்படைந்த தாய்மார் சிலர் இன்னும் மனுக்கூடச் செய்யவில்லை. கேட்டால், "எங்களுக்கெல்லாம் யார் தருவாங்க, ஹஜ்ரத்?" என்கின்றனர். கேளாத உரிமை ஏட்டிலேயே உறங்கும்.

ஆகவே, எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்களே! இவ்வாரம் உங்கள் தெருவில் ஒருவருக்கேனும் மனு எழுதிக் கொடுங்கள். வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் உள்ளதா என்றும் பாருங்கள். அவர் எந்தச் சமயத்தவர் என்று பார்க்க வேண்டாம். குரலற்றோரின் குரலாகும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.