பள்ளிப் பையன் படைத்த வேற்றுலகத்தார்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பெயரை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி வெளியிட்ட விளையாட்டு. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியே கதையை நடத்த வேண்டும். சந்தேகம் வரும் இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். ஆட்டத்தை நடத்த ஒருவர் உண்டு. வழியில் எதிர்ப்படும் சத்திரக்காரன், அரசி, பூதம் எல்லாருக்கும் அவர்தான் குரல் கொடுப்பார்.

கஷ்டமே அங்கேதான். சத்திரக்காரனாகப் பேசிவிடலாம். நம் உலகத்தையே சேராத ஒருவனாக எப்படிப் பேசுவது?

1975இல் கைகாக்ஸ் 'மைண்ட் ஃபிளேயர்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். மனித உடல், ஆக்டோபஸ் மாதிரித் தலை, மூளைதான் ஆகாரம். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதனிடம் என்ன பேச முடியும்? ஓடலாம், இல்லையென்றால் வெட்டலாம்.

இங்கிலாந்தில் சார்லஸ் ஸ்ட்ராஸ் என்று ஒரு பையன். 1964இல் பிறந்தவன். 1979இல் 'ஒயிட் டுவார்ஃப்' பத்திரிகையில் அவன் உருவாக்கிய 'கித்யாங்கி' இனம் அச்சேறியபோது அவனுக்கு 15 வயதுகூட நிறையவில்லை. பெயர்கூடச் சொந்தமில்லை, ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1977இல் எழுதிய நாவலிலிருந்து எடுத்தது. (பிற்பாடு 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எழுதினாரே, அதே மார்ட்டின்தான்.)

பையன் செய்த காரியத்தைப் பாருங்கள். கோரைப்பல், கொம்பு என்று அடுக்கிக்கொண்டு போகவில்லை. ஒரு வரலாற்றைக் கொடுத்தான். கித்யாங்கிகள் முன்பு மைண்ட் ஃபிளேயர்களுக்கு அடிமைகள். கித் என்ற தலைவியின் கீழ் கலகம் செய்து விடுதலை பெற்றவர்கள். விடுதலைக்குப் பிறகு அவர்களுக்குள்ளேயே பிளவு; பிரிந்துபோன கித்செராய்களோடு தீராத பகை. முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறு நடத்தியவன் நான். விடுதலை வந்த கையோடு இரண்டு கட்சியாகப் பிரிந்த இயக்கங்கள் எத்தனை! இதைப் படித்ததும் 'அட, விஷயம் தெரிந்த பையன்' என்று தோன்றிவிட்டது.

இன்னொன்று. அவர்களை ஆள்பவள் செத்தும் சாகாத ஒரு ராணி. குடிமக்களில் எவனாவது அளவுக்கு மீறி வலிமை பெற்றால் அவளே அவனைத் தீர்த்துவிடுவாள். அவர்களின் வெள்ளி வாள் அந்நியர் கையில் சிக்கினால், மீட்க எந்த எல்லைக்கும் போவார்கள்.

இவ்வளவு தெரிந்த பிறகு, ஆட்டம் நடத்துபவருக்கு விகாரமான குரல் எதற்கு? எதிரே நிற்கும் கித்யாங்கி எதற்கு அஞ்சுவான், எதை விலைபேசச் சம்மதிக்க மாட்டான் என்பது அவருக்குத் தெரியும். அவனோடு பேரம் பேசலாம். பொது எதிரியைக் காட்டிக் கூட்டணிகூட வைக்கலாம். மைண்ட் ஃபிளேயரிடம் இது நடக்குமா?

1981இல் 'ஃபீண்ட் ஃபோலியோ' என்ற தொகுப்பு வந்தபோது அட்டைப்படத்தில் நின்றது கித்யாங்கிதான். 2023இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' கணினி விளையாட்டில் லேசெல் என்ற கித்யாங்கிப் பெண் முக்கியப் பாத்திரம். ஸ்ட்ராஸ் வளர்ந்து, ஹ்யூகோ விருது வாங்கிய அறிவியல் புனைகதை எழுத்தாளராகிவிட்டார்.

என்னிடம் படித்தவர்களில் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஆட்டம் நடத்துவதாகக் கேள்விப்பட்டேன். நீங்கள் படைத்த வேற்றுலகத்தார் யாராவது இருந்தால் இங்கே எழுதுங்கள். உருவ வர்ணனை வேண்டாம். அவர்களுக்கு யார்மேல் கோபம், ஏன் கோபம், அதைச் சொல்லுங்கள்.