வெளிச்சமும் பொம்மையும்

1851இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தகட்டு முறையில், கண்ணாடியில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவிவிட வேண்டும். அந்தத் தகட்டுக்குத் தெரிவது நீலமும் புற ஊதாவும்தான். எண்ணெய் விளக்கின் மஞ்சள் வெளிச்சம் அதுக்கு அநேகமாக இருட்டு. ஆக, வெயில் நுழையாத இடங்கள் புகைப்பட வரலாற்றுக்கும் வெளியே கிடந்தன.

பாரிஸில் நதார் தானே விளக்கு அமைத்துக்கொண்டார். புன்சன் மின்கலங்களை வரிசையாக அடுக்கி, இரண்டு கரித்துண்டுகளுக்கு நடுவே மின்வில். முதலில் ஸ்டுடியோவில் மனித முகங்கள். பிறகு, 1861 வாக்கில், நகரத்துக்கு அடியில் எலும்புகள் குவித்த சுரங்கங்கள், அடுத்து சாக்கடைகள். குறுகலான இடங்களில் மின்கலங்களைத் தெருவிலேயே வைத்துவிட்டுக் கம்பிகளை மட்டும் உள்ளே இறக்கினார். சில படங்களுக்கு 18 நிமிடம் பிடித்தது.

சிக்கல் இங்கதான். எலும்பு வண்டி தள்ளுகிற ஆள் 18 நிமிடம் அசையாம நிக்க முடியுமா? நதார் தொழிலாளியின் உடை மாட்டிய பொம்மைகளை நிறுத்தினார். செத்தவர்கள் நிஜமாகவே பதிவானார்கள். உயிரோடு வேலை செய்தவனுக்குப் பதிலாள் வந்தது.

இன்று இதே தகட்டுக்கு ஒளிரும் குழல்விளக்குகளை வீட்டிலேயே பலகையில் வரிசையாகப் பொருத்திக்கொள்கிறார்கள். சில விநாடி போதும். தொழில்நுட்பச் சிக்கல் தீர்ந்தது. மற்றது தீரவில்லை. 'வெளிச்சம் போட்டுக் காட்டுகிறோம்' என்று எழுதும்போதெல்லாம் நாமும் கேட்டுக்கொள்ளலாம்: நம் விளக்குக்குத் தோதாக யாரை அசையாமல் நிற்கச் சொல்கிறோம்? நிற்காதவர் இடத்தில் எதை வைக்கிறோம்?