நெய்யும் நிணமும்: தொண்டை மண்டலச் சமையலில் விலங்குக் கொழுப்பின் வரலாற்றுத் தடங்கள்

இன்றைய வழக்கில் ‘நெய்’ என்னும் சொல் பாலிலிருந்து பெறப்படும் உருக்கு நெய்யை மட்டுமே குறிக்கிறது. பண்டைத் தமிழில் அதன் பொருட்பரப்பு இதனினும் விரிந்தது. எள்ளின் நெய் எண்ணெய் ஆயிற்று. தேனும் கிழங்கும் கொண்டுவந்தோர் மீன்நெய்யும் நறவும் மாற்றாகப் பெற்றுச் சென்றதைக் கூறும் பொருநராற்றுப்படை, தேனையும் ‘தேன்நெய்’ என்றே சுட்டுகிறது. உருகுவது, ஒட்டுவது, மணத்தைத் தாங்குவது எதுவோ அது நெய். இப்பொருள் காலப்போக்கில் சுருங்கியது சொல் வரலாற்றோடு நிற்கவில்லை. தமிழர் உணவு வரலாற்றின் எழுதுமுறையையும் அது பாதித்துள்ளது. விலங்குக் கொழுப்பு என்றவுடன் ஆய்வாளர் பால்நெய்யை மட்டும் எண்ணுவதற்கும், ஊனின் நிணம் அடுக்களை வரலாற்றிலிருந்து மறைந்ததற்கும் காரணம் உணவுப் பழக்கத்தில் அன்று, சான்றுகளின் இயல்பில் உள்ளது.

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை இடையர் மகளின் ஒரு நாளை விரிவாகக் காட்டுகிறது. விடியலில் தயிர் கடைந்து மோர் விற்கும் அவள், அதனால் பெற்ற உணவுப்பொருளால் சுற்றத்தை உண்பிக்கிறாள். நெய்யை விற்கும்போது மட்டும் பொன்னை ஏற்காமல் எருமையும் நல்லாவும் கன்றும் பெற விழைகிறாள். மோர் அன்றாடச் செலவுக்கு, நெய் மந்தையின் பெருக்கத்துக்கு. இவ்விரு கணக்குகளும் தனித்தனியே நடந்தன என்பதே இப்பகுதியின் முதன்மையான செய்தி. இப்பாட்டை முல்லை வருணனையாக மட்டும் படிப்போர் இப்பொருளியலைத் தவறவிடுகின்றனர்.

ஊனுணவு பற்றிய சான்றுகளும் இதே தொகுப்பில் உள்ளன. நன்னனின் மலைநாட்டைப் பாடும் மலைபடுகடாம், நெய்யில் வெந்த பெரிய ஊன்துண்டுகளைத் தினைச்சோற்றுடன் விருந்தினர் பெறுவர் என்கிறது. கரிகாலனின் விருந்தில் ஆட்டுத் தொடை வேவையும் கம்பியிற் கோத்துச் சுட்ட கொழுவிய தசையும் பரிமாறப்படுகின்றன. சூடு பொறாமல் உண்போர் அதை வாயின் இருபுறமும் மாற்றி மாற்றி ஒற்றுகின்றனர். முன்னதில் புறத்திலிருந்து சேர்த்த நெய் சுவையூட்டுகிறது. பின்னதில் ஊனின் கொழுப்பே உருகித் தசையை நனைக்கிறது. சமையல் நுட்பத்தில் இவை இரு வேறு முறைகள். புலவர்கள் இரண்டையும் கூச்சமின்றிப் பாராட்டினர்.

இடைக்காலத்தில் சான்றுகளின் இடம் கோயிலுக்கு மாறுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு திருவிளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்னும் கணக்கில் கால்நடைகள் விடப்பட்டு, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கப் பணிக்கப்பட்டது. நான்கு உழக்கு ஒரு நாழி என்பதால் ஆண்டுக்கு 91¼ நாழி. ஓர் ஆட்டுக்கு ஒரு நாழிகூட ஆகவில்லை. மந்தையின் எண்ணிக்கை குறையாமல் காக்கும் பொறுப்பு இடையருடையது. ‘சாவா மூவாப் பேராடு’ என்னும் தொடரின் பொருள் அதுவே. அளந்தது போக எஞ்சிய நெய்யும் மோரும் அவர் வழியே ஊருக்குள் பரவியிருத்தல் வேண்டும். விளக்குக் கொடைகளைச் சமயக் கொடையாக மட்டும் காணும் ஆய்வுகள் இவ்வெஞ்சிய பகுதியைக் கணக்கில் கொள்வதில்லை.

விளக்குக்கு எரிக்கும் நெய் ஆட்டினுடையதாயினும் குறையில்லை. மடைப்பள்ளிக்கு அது போதவில்லை. வரகுண பாண்டியனின் அம்பாசமுத்திரக் கல்வெட்டு அமுதுபடிக்குப் ‘பசுவின் நறுநெய்’ எனக் குறித்துக் கேட்கிறது. ‘பசுவின்’ என்னும் அடை பிறவகை நெய்யும் புழக்கத்தில் இருந்ததை உணர்த்துகிறது; ‘நறு’ என்னும் அடை மணமே அளவுகோலாக இருந்ததைக் காட்டுகிறது. புளித்த தயிரில் கடைந்த வெண்ணெயை நீர் வற்றும்வரை காய்ச்சும்போது பாலின் புரதமும் சர்க்கரையும் வெந்து சிவந்து இம்மணத்தைத் தருகின்றன. இறக்குமுன் முருங்கைக்கீரை இடும் வழக்கம் இன்றும் உண்டு.

உத்திரமேரூர் வட்டாரத்துக்கு அண்மையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திரன் (1063–1070) காலக் கல்வெட்டு வேறொரு பயனைக் காட்டுகிறது. அங்கிருந்த 15 கிடக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையின் மருந்துப் பட்டியலில் பில்வாதி கிருதமும் பழநெய்யும் இடம்பெறுகின்றன. அடுக்களை புத்துருக்கு நெய்யை நாடியது, மருத்துவம் பழையதை நாடியது. செய்யாற்றை ஒட்டிய காவாந்தண்டலத்துக்கு அருகே நெய்யாடிவாக்கம் என்றே ஓர் ஊர் உண்டு. எனினும் ஊர்ப்பெயர் ஒன்றைக் கொண்டு வரலாறு எழுதுதல் தகாது.

இக்கல்வெட்டுகளில் நிணத்துக்கு இடமில்லை. புலால் விலக்கிய நிறுவனத்தின் ஏடுகளில் அதைத் தேடுவதும் பொருந்தாது. ஆட்டுக்கறிக் குழம்பு வைக்கும் சிற்றூர் அடுக்களைகளில் கொழுப்புத் துண்டுகளை முதலில் சட்டியிலிட்டு உருக்கி, அதிலேயே வெங்காயத்தையும் மசாலையையும் வதக்குவது தெரிந்த முறை. அதற்கு எழுத்துச் சான்று கிடைக்காமையை, அம்முறை இல்லாமைக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. கொழுப்புக்குத் தனி விலையில்லாத வீட்டில் அதைக் கல்லில் பொறிக்க யாருக்கும் தேவை எழவில்லை.

நெய்யின் இடத்தை உண்மையில் அசைத்தது 20ஆம் நூற்றாண்டின் வனஸ்பதி. 1902இல் வில்லெம் நார்மன் உரிமம் பெற்ற முறையில் தாவர எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றி உறையச் செய்த இப்பொருள், 1937 முதல் ‘டால்டா’ என்னும் பெயரில் இந்தியச் சந்தையில் பரவியது. நெய்யின் உருவும் மணலாய் உறையும் தன்மையும் அதற்கு இருந்தன. மணம் மட்டும் இல்லை. நெய்யில் அது கலக்கப்படுவதைக் காந்தியடிகள் கடுமையாக எதிர்த்தார். கலப்பை நாவால் மட்டும் கண்டறிய இயலாத நிலையில், வனஸ்பதியில் 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் நல்லெண்ணெய் சேர்க்கப்பட வேண்டும் எனச் சட்டம் விதித்தது. நெய் எனக் கொடுக்கப்பட்டது போடுவான் சோதனையில் சிவந்தால், அதில் எள்ளின் நெய் இருப்பது வெளிப்பட்டுவிடும்.